பக்கவாதத்துக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி: கை காலை மட்டும் பார்த்தால் போதுமா?

பாசிக்காரி_மகள் (பாம்பன்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

அம்மாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கை கால் பயிற்சி கொடுக்க ஒரு தம்பி வருகிறார். குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

என் கவலை மூச்சைப் பற்றி. அம்மா சின்ன வயதிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவள். முங்கினால் கூட வந்தவர்களே பயப்படுகிற அளவுக்கு உள்ளே இருந்துவிட்டு வருவாள். இப்போது நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். ஜெபமாலை சொல்லும்போது பாதி ஜெபம் ஒரே மூச்சில் போகும், இப்போது அந்தப் பாதியையே மூன்றாக உடைக்கிறாள். நெஞ்சில் சளி கரகரவென்று கேட்கிறது. இருமச் சொன்னால் தொண்டையோடு ஒரு செருமல், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, ஊதச் சொல்லுங்கள் என்றார்கள். ஊதினால் பந்து அசையவே மாட்டேன் என்கிறது. வருகிற தம்பியிடம் கேட்டேன், “முதலில் நடக்கட்டும் அக்கா, மூச்சு தானாகச் சரியாகிவிடும்” என்கிறார். நிஜமாகவே தானாகச் சரியாகுமா? மூச்சுக்கென்று தனியாகப் பயிற்சி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வாடைக்காற்று (தொண்டி)

தங்கச்சி, பலூன் வாங்கிக் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கு அதைத்தான் செய்தோம். அப்புறம் புறா ரத்தம். நம்ப மாட்டீர்கள், அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கினார்.


நைட்டுடூட்டி (ராமநாதபுரம்)

வாடைக்காற்று அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். புறா ரத்தத்தால் கை வரவில்லை. பக்கவாதத்தில் முதல் 3 மாதத்தில்தான் உடம்பு தானாகவே நிறைய மீளும், அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் வந்தது போலத் தெரியும். அது மட்டுமென்றால் நான் பேசாமல் போயிருப்பேன். விழுங்குவது சரியில்லாத ஆளுக்கு வாயில் ஊற்றுகிற எதுவும் நுரையீரலுக்குள் போகலாம். ரத்தமோ, லேகியமோ, வெறும் தண்ணீரோ, நுரையீரலுக்கு எல்லாம் ஒன்றுதான். எங்கள் வார்டுக்குத் திரும்பி வருகிற பக்கவாத நோயாளிகளில் பலர் கை காலுக்காக வருவதில்லை, நெஞ்சில் நிமோனியாவோடு வருகிறார்கள்.

தங்கச்சி, அம்மாவுக்குச் சாப்பிடும்போது புரையேறுகிறதா? சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, தொண்டையில் தண்ணீர் நிற்பது மாதிரி கேட்கிறதா? இதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். மூச்சுப் பயிற்சியை அப்புறம் பேசலாம்.


பாசிக்காரி_மகள் (பாம்பன்)

டீ குடிக்கும்போது புரையேறுகிறது அக்கா. கஞ்சிக்கும் சில நேரம். இட்லி பரவாயில்லை. குரல் ஈரமாக என்றால்... ஆமாம், இப்போது நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால், சாப்பிட்டவுடன் பேச்சு கொழகொழவென்று இருக்கிறது. குழாயை எடுத்துவிட்டார்களே, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?


நைட்டுடூட்டி (ராமநாதபுரம்)

அப்படி இல்லை. குழாயை எடுத்தால் வாய் வழியாகச் சாப்பிட ஆரம்பிக்கலாம் என்றுதான் அர்த்தம். எதை, எப்படி என்பது தனிக் கணக்கு.

டீ, தண்ணீர், நீர்த்த கஞ்சி எல்லாம் வேகமாக ஓடுகிறவை. தொண்டை மூடுவதற்கு முன் நழுவிவிடும். கூழ் பதத்தில் இருப்பது மெதுவாக இறங்கும், பலருக்கு அது சுலபம். ஆனால் அம்மாவுக்கு எந்தப் பதம் ஒத்துவரும் என்பதை விழுங்கும் பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது “விழுங்குவதைச் சோதித்துச் சொல்லுங்கள்” என்று வாய் விட்டுக் கேளுங்கள். அதுவரை நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். படுத்துக்கொண்டே ஊட்டுவது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, வாய் சுத்தம். இடது கன்னத்துக்குள் சோறு அடைந்து கிடக்கும், அம்மாவுக்கே தெரியாது. விரலில் துணி சுற்றித் துடைத்து எடுங்கள், காலையும் இரவும் பல் தேய்த்துவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு நிமோனியா வருவதற்கு வாயில் வளர்கிற கிருமியும் ஒரு காரணம். எச்சிலோடு சேர்ந்து அதுதான் உள்ளே இறங்குகிறது.

சிலருக்குப் புரையேறாமலே உள்ளே போகும். இருமல்கூட வராது. அதனால் “எங்கள் அப்பாவுக்குப் புரையேறுவதே இல்லை” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


பிசியோ_உச்சிப்புளி

நைட்டுடூட்டி சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் மூச்சுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

பக்கவாதம் என்றால் கை, கால், வாய்க் கோணல் இந்த மூன்றையும்தான் பார்க்கிறோம். மூளையிலிருந்து வருகிற உத்தரவு குறைந்தால் மூச்சுத் தசைகளுக்கும் அது குறையும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானம் விழுந்த பக்கத்தில் குறைவாக இறங்கும். விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசையும் வயிற்றுத் தசையும் அந்தப் பக்கம் தளர்ந்துவிடும். இதற்கு மேல் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூன் போட்டு உட்காருவார்கள். நெஞ்சுக்கூடு விரிய இடமே இருக்காது. அதனால் மூச்சு மேலோட்டமாக, வேகமாகப் போகும். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று சரியாகப் போகாது, சளி அங்கே தேங்கும்.

சரி, சளி தேங்கினால் இருமித் தள்ள வேண்டியதுதானே? இருமலுக்கு மூன்று காரியம் நடக்க வேண்டும். ஆழமாகக் காற்றை இழுக்க வேண்டும், குரல்வளை ஒரு கணம் இறுக மூட வேண்டும், வயிற்றுத் தசை சட்டென்று நெருக்கி வெளியே தள்ள வேண்டும். பக்கவாதத்தில் இந்த மூன்றுமே கெடலாம். உங்கள் அம்மா தொண்டையோடு செருமுவது இதனால்தான். சோம்பல் இல்லை, பயமும் இல்லை, பலம் இல்லை. இழுக்கும் பலத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களிடம் அந்த அளவு ஆரோக்கியமானவர்களில் பாதியாக இறங்குவதெல்லாம் உண்டு.

இப்போது அந்த மூன்று பந்து டப்பா. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நம் பக்கம் வீட்டுக்கு வீடு இதைத்தான் பார்க்கிறேன், எல்லோரும் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். கொடுக்கிறவர்களும் அவசரத்தில் ஊதுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். குழாயை வாயில் வைத்து, மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து ஏற நொடிக்கு 600 மில்லி, இரண்டாவதுக்கு 900, மூன்றாவதுக்கு 1200 மில்லி வேகத்தில் காற்று வேண்டும். மூன்றையும் ஏற்றுவது போட்டி இல்லை. முதல் பந்தை ஏற்றி இரண்டு மூன்று நொடி மேலேயே நிறுத்தி வைத்தால் அதுவே பெரிய காரியம். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் துள்ள வைத்தால் காற்று அடி வரைக்கும் போகாது.

வாய்க் கோணல் இருந்தால் உதட்டு ஓரத்தில் காற்று ஒழுகும், பந்து அசையாது. அம்மாவின் இடது உதட்டோரத்தை நீங்கள் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, உட்காருகிற முறை. கயிற்றுக் கட்டிலா போட்டிருக்கிறீர்கள்?


பாசிக்காரி_மகள் (பாம்பன்)

ஆமாம் அக்கா, கயிற்றுக் கட்டில்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?


பிசியோ_உச்சிப்புளி

மண்டபத்திலிருந்து பாம்பன் வரைக்கும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன்!

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும். அதில் சாய்ந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கி, உதரவிதானம் இறங்க வழியில்லாமல் போகும். பெஞ்சோ, கை வைத்த நாற்காலியோ பாருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். இடது கையைத் தொங்கவிடாமல் முன்னால் ஒரு தலையணை வைத்து அதன்மேல் வையுங்கள். இடுப்புக்குப் பின்னால் துணியைச் சுருட்டி வைத்தால் முதுகு நிமிரும். இவ்வளவு செய்தாலே ஒரு மூச்சில் ஓரிரு வார்த்தை கூடப் பேசுவார்.

அப்புறம் உங்கள் உள்ளங்கையை அம்மாவின் இடது கீழ் விலாவில் மெல்ல வையுங்கள். அழுத்த வேண்டாம். “என் கையைத் தள்ளு” என்று சொல்லி, மூக்கால் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். தோள் மேலே ஏறக் கூடாது, விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். விட்டுவிட்டு நாலைந்து மூச்சு, நடுவில் ஓய்வு. தலை சுற்றினாலோ, உதட்டிலும் விரலிலும் மதமதப்பு வந்தாலோ அதிகமாக இழுத்துவிட்டார் என்று அர்த்தம், நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடச் சொல்லுங்கள்.

சளிக்கு, இருமச் சொல்வதை விடக் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயைத் திறந்து “ஹா” என்று காற்றைத் தள்ளச் சொல்லுங்கள். ஓரிரு தடவை அப்படிச் செய்தால் சளி மேலே ஏறும், அதன் பிறகு இருமினால் வரும். இருமும்போது தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் குனியட்டும். விலாவுக்குக் கீழே கை வைத்துத் தள்ளி இருமலுக்குத் துணை செய்கிற முறையும் ஒன்று உண்டு. அதை எழுத்தில் படித்துச் செய்யாதீர்கள், நேரில் ஒருவர் காட்டித் தர வேண்டும். சாப்பிட்ட கையோடு செய்தால் வாந்தி நெஞ்சுக்குள் போய்விடும்.


கீழக்கரையான்

எங்கள் வாப்பாவுக்கு வந்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த உச்சிப்புளி அக்கா சொல்கிறதைப் போல எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கை காலுக்கே பணம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை நெஞ்சுச் சளி கட்டி, 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரத்துக்கு ஓடினோம். இரண்டாவது தடவைதான் ஒரு பிசியோ வந்து வால்வு வைத்த கருவி ஒன்றைக் காட்டினார். உறிஞ்சினால் வால்வு திறக்கும், பலமாக இழுக்காவிட்டால் திறக்காது. சுற்றித் திருகினால் கடினம் கூடும். அதற்கும் மூன்று பந்துக்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா கொஞ்சம் சொல்லுங்கள். வாப்பா அதைத்தான் இப்போதும் செய்கிறார். பாங்கு சத்தம் கேட்டால் எடுத்து வைத்துக்கொள்வார், நேரம் தப்பாது.


பிசியோ_உச்சிப்புளி

நல்ல கேள்வி காக்கா. மூன்று பந்து டப்பாவில் எதிர்ப்பு இல்லை. ஆழமாக இழுக்கிறாரா என்று கண்ணுக்குக் காட்டுகிற கருவி அது, நுரையீரலை விரிக்க உதவும். நீங்கள் சொல்கிறது தசைக்குப் பலம் ஏற்றுவது. நாம் வைத்திருக்கிற அளவுக்கு இழுவை வந்தால்தான் வால்வு திறக்கும். அதிகம் புழங்குகிற ஒரு வகையில் 9 முதல் 41 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை வைக்கலாம், இழுவையை அளக்கிற அலகு அது.

எவ்வளவில் தொடங்குவது என்பது கணக்கு. அவருடைய அதிகபட்ச இழுவையை அளந்து, அதில் சுமார் 30 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். 30 சென்டிமீட்டர்தான் இழுக்க முடிகிறது என்றால் 9, அதாவது கருவியின் அடி எண். வாரா வாரம் அளந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். மூச்சை வெளியே தள்ளுகிற தசைக்கும் இதே மாதிரி கருவி உண்டு. இருமலுக்கு அந்தத் தசைதான் முக்கியம் என்பதால் சிலருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்போம்.

அளக்காமல் கடையில் வாங்கி வந்து நீங்களே திருகாதீர்கள். லேசாக வைத்தால் பயனில்லை, கடினமாக வைத்தால் முக்குவார், பிபி ஏறும்.


சந்தேகசாமி (சாயல்குடி)

எல்லாம் சரி. இதனால் உண்மையில் பலன் உண்டா, ஆதாரம் உண்டா? கருவி விற்கிறவன் சொல்வதா, ஆராய்ச்சி சொல்வதா? பிசியோக்கள் கோபப்பட வேண்டாம், கேட்பது என் வேலை.


பிசியோ_உச்சிப்புளி

கோபமெல்லாம் இல்லை, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு தேடியபோது தகுதியான ஆய்வு இரண்டுதான் அகப்பட்டது, சேர்த்து 66 நோயாளிகள். “இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது” என்று முடித்தார்கள். 2016-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு ஐந்து ஆய்வுகளை, 263 பேரைச் சேர்த்துப் பார்த்தது. தினம் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள், 5 வாரம் செய்தால் ரொம்பப் பலவீனமாக இருக்கிறவர்களுக்கு மூச்சுத் தசையின் பலம் கூடுகிறது, நெஞ்சுத் தொற்று மாதிரியான சிக்கல்களும் குறைகின்றன என்றது. நடையும் அன்றாட வேலையும் இதனால் மேம்படுமா என்பதற்கு அதில் தெளிவான பதில் கிடையாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015-ல் லண்டனில் நடந்த ஒரு ஆய்வில், பக்கவாதம் வந்து இரண்டு வாரத்துக்குள் இருந்த 82 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இழுக்கும் பயிற்சி, இன்னொன்றுக்குத் தள்ளும் பயிற்சி, மூன்றாவதற்குக் கருவி கையில் இருக்கும், பயிற்சி பேருக்குத்தான். நான்கு வாரம் கழித்து மூன்று கூட்டத்துக்கும் இருமல் ஒரே மாதிரி தேறியிருந்தது. ஆரம்ப வாரங்களில் உடம்பே மீள்கிறது என்பதால் பயிற்சியின் பங்கைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

என் கருத்தைக் கேட்டால்: மூச்சு பலவீனமாக இருக்கிறவருக்குக் கொடுக்கலாம், நன்றாக இருமுகிறவருக்குக் கருவிக்காகச் செலவு செய்ய வேண்டாம். நிமிர்ந்து உட்காருவது, எழுந்து நடப்பது, வாய் சுத்தம், விழுங்குவதில் கவனம் இவற்றுக்குக் காசு தேவையில்லை. கருவி இவற்றுக்குப் பதிலாக வர முடியாது.


சந்தேகசாமி (சாயல்குடி)

இப்படிச் சொன்னால் நம்பலாம். நன்றி.


சங்குகுளி (பெரியபட்டினம்)

எங்கள் தொழிலே மூச்சுதான், அதனால் உள்ளே வருகிறேன். என் மாமா பழைய முங்குகாரர். வாதம் அடித்த பிறகு நெஞ்சைத் திறக்கிறேன் என்று தினம் மூச்சை அடக்கிப் பழகுகிறார். சொன்னால் கேட்பதில்லை. “நான் கடலுக்கு அடியில் அடக்கியவன்” என்கிறார். இன்னொரு யோசனையும் அவருக்கு இருக்கிறது, சங்கு ஊதுவது. வீட்டில் பெரிய வலம்புரி இல்லை, இடம்புரிதான் கிடக்கிறது. அதை ஊதினால் நல்லதா?


பிசியோ_உச்சிப்புளி

மூச்சை அடக்குவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அடக்கி முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், அதோடு பிபியும் ஏறி இறங்கும். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர் என்றால் இன்னும் ஆபத்து. முங்குகிறவர்களின் திறமை இருக்கிற காற்றைச் சிக்கனமாகச் செலவு செய்வது. இங்கே நமக்கு வேண்டியது காற்றை இழுக்கிற, தள்ளுகிற பலம். இரண்டும் வேறு. மாமாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், தொழிலைக் குறைத்துப் பேசாமல் சொன்னால் கேட்பார்.

சங்குக்கு வருகிறேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய்க்கு ராஜஸ்தானில் ஒரு சின்ன ஆய்வு செய்து, சங்கு ஊதியவர்களுக்குக் குணம் தெரிகிறது என்று 2025-ல் வெளியிட்டார்கள். அது வேறு நோய், வேறு ஆட்கள். பக்கவாதம் வந்த புதிதில் சங்கு வேண்டாம். உதடு மூடாது, முக்கத் தோன்றும். பிபி கட்டுக்குள் வந்து, மாதங்கள் போய், டாக்டர் சரி என்றால் மெதுவாக ஊதிப் பார்க்கலாம். பலூனுக்கும் இதே பதில்தான், வாடைக்காற்று அண்ணே. சிலருக்கு உதவும், ஆனால் அது தள்ளுகிற பயிற்சி. அம்மாவுக்கு முதலில் தேவை இழுக்கிறது.


வாடைக்காற்று (தொண்டி)

சரி, ஒத்துக்கொள்கிறேன். புறாவைப் பற்றி மட்டும் பேச வேண்டாம்.


கரிமூட்டம் (முதுகுளத்தூர்)

என் அப்பா கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போட்டவர், கூடவே பீடி. நுரையீரல் ஏற்கனவே கெட்டு இன்ஹேலர் எடுக்கிறார். இப்போது வலது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கும் இந்தப் பயிற்சியெல்லாம் பொருந்துமா? கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மெஷினில் ஆக்சிஜன் 91 காட்டுகிறது, பயமாக இருக்கிறது.


நைட்டுடூட்டி (ராமநாதபுரம்)

தம்பி, அப்பாவுக்கு எந்த எண் சரி என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீண்ட நாள் புகையால் நுரையீரல் அடைப்பு வந்தவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்காக வைப்போம், மற்றவர்களைப் போல 94-க்கு மேல் என்று ஆக்சிஜனை ஏற்றினால் தீங்காகிவிடும். அதனால் வீட்டில் நீங்களாகச் சிலிண்டர் வைக்காதீர்கள். வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று எழுதி வையுங்கள். அதிலிருந்து இறங்கினாலோ, ஆள் திணறினாலோ உடனே கிளம்புங்கள்.

இன்ஹேலரை ஒரு கையால் அழுத்தி அதே நேரத்தில் இழுப்பது அவருக்கு இப்போது முடியாது. நடுவில் மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது, ஸ்பேசர் என்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். மருந்து பாதி வாயிலேயே தங்குவது குறையும்.


பிசியோ_உச்சிப்புளி

அவருக்கு உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுகிற மூச்சுதான் முதலில். கருவியைப் பற்றி நெஞ்சு மருத்துவரிடம் கேட்காமல் யோசிக்கவே வேண்டாம்.


பாசிக்காரி_மகள் (பாம்பன்)

மறுபடி நான்தான். அந்தத் தம்பியிடம் இந்த இழையைக் காட்டினேன். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் உட்கார்ந்து முழுதும் படித்தார். இப்போது அவரே கடைசிப் பத்து நிமிடம் மூச்சுக்கு ஒதுக்குகிறார். கட்டிலை மாற்றிவிட்டோம். பந்தை உறிஞ்சச் சொன்னதும் முதல் பந்து ஏறிவிட்டது! இத்தனை நாள் ஊத வைத்திருக்கிறோம்.

அம்மாவுக்குத்தான் சிரிப்பு. “கடலில் இதைச் சொல்லிக்கொடுத்தது யார்” என்கிறாள். ஜெபமாலை சொல்லும்போது எங்கே நிறுத்துகிறாள் என்று நான் கவனிக்கிறேன். நேற்று அந்தப் பாதியை இரண்டாகத்தான் உடைத்தாள். இதை அளவாக வைத்துக்கொள்ளலாமா அக்கா?

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அந்த வால்வுக் கருவியை அம்மாவுக்கு வாங்கலாமா, எங்கே அளப்பார்கள்? இரண்டு, தினம் ராமேஸ்வரம் ரோட்டில் ஆட்டோ வைத்து அழைத்துப் போகக் கட்டுப்படியாகாது, வேறு வழி உண்டா?


பிசியோ_உச்சிப்புளி

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் சொல்கிறார் என்பது நல்ல அளவுதான். அதே ஜெபம், அதே நாற்காலி, சாப்பாட்டுக்கு முன் என்று வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் குறியுங்கள். தினம் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டென்று இறங்கினால் கவனியுங்கள், சளியோ காய்ச்சலோ வரப்போகிற அறிகுறியாக இருக்கலாம்.

கருவி இப்போதைக்கு வேண்டாம், புரையேறுவது அடங்கட்டும். மறுபரிசோதனைக்குப் போகிற அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் காட்டி, இழுவையை அளக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் எங்கே அளப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள். மூன்று பந்து டப்பா சில நூறு ரூபாய்தான், இது ஆயிரங்களில் வரும். அளந்த பிறகு வாங்குங்கள்.

தினம் வருவதற்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேட்டீர்களா? 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது. பிபி, சுகர் மாத்திரை கொடுப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார நர்சிடமோ அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். தினம் வர மாட்டார்கள். வருகிற அன்றைக்கு மூச்சுப் பயிற்சியையும் காட்டச் சொல்லி, மற்ற நாளில் நீங்கள் செய்துகொள்ளலாம்.


கீழக்கரையான்

தங்கச்சி, எங்கள் வீட்டுக்கும் அந்தத் திட்டத்தில்தான் வருகிறார்கள். கேட்டால்தான் மூச்சைப் பார்ப்பார்கள், நீங்களே ஆரம்பியுங்கள். கருவி வாங்கினால் அதைக் கழுவிக் காய வைப்பதும் முக்கியம். வாப்பாவுடையதைத் தினம் சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் கவிழ்த்து வைக்கிறோம். இல்லாவிட்டால் கிருமியைத்தான் உறிஞ்சுவார்கள்.


பாசிக்காரி_மகள் (பாம்பன்)

சரி காக்கா, நாளைக்கே நர்ஸ் அம்மாவைப் பார்க்கிறேன். நைட்டுடூட்டி அக்கா, எப்போது வீட்டில் வைத்துப் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இரவில் இங்கிருந்து வண்டி கிடைப்பதே பெரிய பாடு.


நைட்டுடூட்டி (ராமநாதபுரம்)

காய்ச்சலோடு சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு ஓடினால். அம்மாவுக்கு விரல் மெஷினில் 92-க்குக் கீழே இறங்கி ஏறாமல் நின்றால். வழக்கத்துக்கு மாறாக மந்தமாக, தூங்கி வழிந்தால். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட நிமோனியா வரும், அதனால் இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மறுபடி வாய் கோணினாலோ, கை புதிதாக விழுந்தாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

வண்டி வருகிற வரை படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம். டிஸ்சார்ஜ் காகிதத்தையும் மாத்திரைச் சீட்டையும் ஒரு பையில் போட்டு இப்போதே கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.